வெள்ளத்தில் மூழ்கிய கோல்ஃப் மைதானம் எப்போது திறக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது அமெரிக்காவின் வட கரோலினாவில். 2024 செப்டம்பர் கடைசியில் ஹெலீன் புயல் இந்த மாநிலத்தின் மலைப்பகுதியைப் புரட்டிப்போட்ட பிறகு, நான் கோல்ஃப் ஆடுகிறவன் என்று தெரிந்த நண்பர்கள் எல்லாரும் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்கிறார்கள். ஆடுகிறவர்கள் கேட்பது ஒரு விதம், "இவ்வளவு பேர் வீடிழந்து நிற்கும்போது கோல்ஃப் ஒரு கேடா" என்று கேட்பவர்கள் இன்னொரு விதம். இரண்டுக்கும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். நான் புல் நிபுணர் இல்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆடிவிட்டு வருகிற ஆள்தான். ஆனால் மைதானம் பராமரிக்கும் ஆட்களோடு பேசிப் பேசியே பாதி வேலை தெரிந்துவிட்டது.

தண்ணீர் வடிந்து ஒரு வாரம் ஆகிவிட்டதே, இன்னும் ஏன் பூட்டி வைத்திருக்கிறார்கள்?

தண்ணீர் போனதும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம், உண்மையில் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. எத்தனை அடி தண்ணீர் வந்தது என்பதைவிட, போகும்போது எதை விட்டுவிட்டுப் போனது என்பதுதான் கணக்கு. ஐந்தடி உயரத்துக்கு வந்து, ஒரே இரவில் சுத்தமாக வடிந்துபோன இடம் இரண்டு வாரத்தில் திறந்துவிடலாம். ஒரே அடி வந்து, நாலு நாள் தேங்கி, மூன்று அங்குலம் சேற்றைப் படிய வைத்துவிட்டுப் போன இடம் ஒரு வருடம் மூடிக் கிடக்கலாம்.

இன்னொன்று, முதல் சில நாள் எந்த வண்டியும் உள்ளே இறங்கக் கூடாது. ஊறிப்போன மண்ணில் டிராக்டரோ லாரியோ ஏறினால் மண் அப்படியே இறுகிவிடும். வெள்ளம் செய்ததைவிட அந்தச் சக்கரத் தடம் செய்கிற கெடுதல் நீண்ட நாள் இருக்கும். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு "ஒருத்தரும் வேலை செய்யவில்லையே" என்று தோன்றும். காய்வதற்காகக் காத்திருப்பதும் வேலைதான். அதோடு பராமரிப்பு ஆட்களில் பாதிப் பேருக்குச் சொந்த வீட்டிலேயே தண்ணீர் புகுந்திருக்கும், அதையும் நினைத்துப் பாருங்கள்.

புல் எத்தனை நாள் தண்ணீருக்கடியில் தாங்கும்?

புல்லின் வகை, தண்ணீரின் சூடு, ஓடும் தண்ணீரா தேங்கிய தண்ணீரா, இந்த மூன்றையும் பொறுத்தது. குளிர்ந்த, ஓடுகிற தண்ணீரில் பல நாள் தாக்குப்பிடிக்கும் புல், வெயிலில் தேங்கிச் சூடான தண்ணீரில் ஓரிரு நாளிலேயே வெந்துபோகும். வேருக்கு மூச்சு இல்லை, மேலே கொதி, இரண்டும் சேர்ந்தால் முடிந்தது.

தென் மாநில மைதானங்களில் அதிகம் இருப்பது பெர்முடா புல். பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம், நம்ம ஊர் அருகம்புல்தான். கோல்ஃபுக்குப் போடுவது பெரும்பாலும் அதை ஒரு ஆப்பிரிக்க உறவுப் புல்லோடு கலந்து எடுத்த ஒட்டு ரகங்கள். "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி" என்று கல்யாணத்தில் சும்மா வாழ்த்தவில்லை. மேலே இருப்பது கருகிப்போனாலும் மண்ணுக்குள் ஓடுகிற தண்டிலிருந்து மறுபடி துளிர்க்கும். குளிர்ப் பிரதேசத்து கிரீன்களில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், போடும் பென்ட் புல்லும் வெள்ளத்தை ஓரளவு நன்றாகவே தாங்கும். போவா அனுவா என்ற, தானாக முளைத்து கிரீன் முழுக்கப் பரவுகிற புல்தான் சீக்கிரம் போய்விடும்.

பச்சையாக இருப்பதைப் பார்த்து ஏமாறவும் கூடாது. தண்ணீர் வடிந்தபோது நன்றாக இருந்த கிரீன், பத்து நாள் கழித்துப் பூஞ்சை பிடித்துச் சாவதுண்டு. அதனால் ஒரு துண்டை வெட்டி எடுத்து வேர் வெள்ளையாக இருக்கிறதா, பழுப்பாகி நாறுகிறதா என்று பார்ப்பார்கள்.

வண்டல் மண் நல்லதுதானே? நம்ம ஊரில் வண்டலுக்கு அடித்துக்கொள்வோமே?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. காவிரிப் படுகை விவசாயிக்கு வண்டல் வரம், கோல்ஃப் கிரீனுக்கு அது சனியன்.

காரணம் கிரீன் கட்டியிருக்கும் விதம். அமெரிக்க கோல்ஃப் சங்கமான யூஎஸ்ஜிஏ சொல்கிற முறையில், பந்தை உருட்டிக் குழியில் போடும் அந்தப் பகுதி தரையே கிடையாது, ஒரு பெரிய வடிகட்டி என்றுதான் சொல்ல வேண்டும். அடியில் வடிகால் குழாய்கள், அதன் மேல் 4 அங்குலம் ஜல்லி, அதற்கு மேல் 12 அங்குலம் மணல் கலவை, அதில்தான் புல். எவ்வளவு மழை பெய்தாலும் சரசரவென்று இறங்க வேண்டும் என்று இந்த ஏற்பாடு. அதன் தலைமேல் மாவு போன்ற வண்டலை அரை அங்குலம் பூசிவிட்டால் என்ன ஆகும்? வடிகட்டியின் வாயை அடைத்த மாதிரி. தண்ணீரும் இறங்காது, காற்றும் போகாது.

ஆகவே முதல் வேலை கிரீன்களிலிருந்து சேற்றை வழிப்பது, அதுவும் ஈரம் காயும் முன். காய்ந்துவிட்டால் ஓடு ஓடாக வெடிக்கும், வழித்தால் புல்லோடு பெயர்ந்து வரும். ரப்பர் வைத்த தள்ளுகோல், தட்டை மண்வெட்டி, தீயணைப்புக் குழாய் போன்ற ஹோஸ் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்து முழுக்க ஆள் பலத்தில் செய்கிற வேலை. வழித்த பிறகும் ஒரு மெல்லிய படலம் நிற்கும். அதற்கு மண்ணில் விரல் தடிமனில் துளை போட்டு, எடுத்த மண்ணை அப்புறப்படுத்தி, துளைகளில் சுத்தமான மணலை நிரப்புவார்கள். ஒரு தடவை செய்தால் போதாது, அடுத்த ஒன்றிரண்டு வருடம் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். அந்தப் படலம் அடியில் சிக்கிக்கொண்டால் எத்தனை வருடம் கழித்தும் அங்கே வேர் இறங்காமல் நின்றுவிடும்.

கிரீனை நோக்கிப் பந்தை அடித்துக்கொண்டு போகும் நீண்ட புல்வெளியான ஃபேர்வேயில் இவ்வளவு பாடுபட மாட்டார்கள். முப்பது ஏக்கரை யார் வழிப்பது? ஒரு அங்குலத்துக்குள் என்றால் கிளறி விட்டு, அருகு மேலே ஏறி வருமா என்று பார்ப்பார்கள். அரை அடி என்றால் ஜேசிபி வைத்து அள்ளி, புதிதாகப் புல் நட வேண்டியதுதான்.

கடல்நீர் ஏறினால்?

அது வேறு கதை. 2022 செப்டம்பரில் இயான் புயல் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸ், சானிபல் தீவுப் பக்கம் கடலையே உள்ளே தள்ளியது. அங்கே பிரச்சினை சேற்றோடு முடியவில்லை, உப்பு. உப்பு இரண்டு விதமாகக் கொல்லும். ஒன்று, தண்ணீர் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. இரண்டு, சோடியம் களிமண்ணைக் குழைத்து, தண்ணீர் இறங்காத கட்டியாக்கிவிடும்.

மருந்து நல்ல தண்ணீர்தான், நிறைய நல்ல தண்ணீர். உப்பை வேருக்குக் கீழே அடித்துச் செல்லும் அளவுக்குப் பாய்ச்ச வேண்டும். சோடியம் ஏறியிருந்தால் ஜிப்சம் போடுவார்கள், அதிலுள்ள கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதை வெளியே தள்ளும், பிறகு தண்ணீர் அதைக் கழுவும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் வயல்களில் ஜிப்சம் போட்டு உப்பை இறக்கியது நினைவிருக்கிறவர்களுக்கு இது புதிதே இல்லை, அதே வைத்தியம்தான். கொடுமை என்னவென்றால், பாசனக் குளத்திலேயே கடல்நீர் கலந்திருக்கும், எதைக் கொண்டு கழுவுவது? வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதனால்தான் கடலோர மைதானங்கள் பல இப்போது பாஸ்பலம் என்ற, உப்பைத் தாங்கும் புல்லுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன.

பாசனம், மோட்டார் எல்லாம் என்ன ஆகும்?

புல் வளர்ந்துவிடும், மோட்டார் வளராது. பம்ப் வீடு எப்போதும் குளத்தையோ ஆற்றையோ ஒட்டித் தாழ்வில்தான் இருக்கும், முதலில் மூழ்குவதும் அதுதான். ஒரு மைதானத்தில் ஆயிரத்துக்கும் மேல் தெளிப்பான்கள் இருப்பது சாதாரணம், அவற்றை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் சேற்றுத் தண்ணீர் புகுந்தால் துடைத்து மாட்டுகிற விஷயமில்லை, மாற்ற வேண்டும். புதிய பம்ப் வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை புதிதாக நட்ட புல்லுக்கு எப்படித் தண்ணீர் விடுவது என்ற கேள்வி வேறு. வட கரோலினா மலைப்பகுதியில் உள்ள ஆஷ்வில் நகரில் ஹெலீனுக்குப் பிறகு குழாயில் குடிக்கத் தகுந்த தண்ணீர் வரவே 53 நாள் ஆனது. அந்த நேரத்தில் கோல்ஃப் புல்லுக்குத் தண்ணீர் கேட்டுப் போய் நிற்க எந்த மேனேஜருக்கும் வாய் வராது.

பங்கர் என்கிற மணல் குழிகளின் மணலை அலசிப் போட்டால் போதாதா?

போதாது. சேறு கலந்த மணல் இறுகிவிடும், தண்ணீர் நிற்கும். மொத்தமாக அள்ளிக் கொட்டிவிட்டுப் புது மணல்தான். அடியில் விரித்திருக்கும் துணியும் கிழிந்திருந்தால் செலவு இரட்டிப்பு. பல இடங்களில் இதையே சாக்காக வைத்து "இந்த பங்கர் தேவையா" என்று யோசித்து, பாதியை மூடிப் புல் போட்டுவிடுகிறார்கள். என்னைப் போன்ற ஆட்டக்காரனுக்கு அது நல்ல சேதி.

அந்தச் சேறு உடம்புக்கு ஆபத்தா?

ஆமாம். ஆற்று வெள்ளம் என்பது வெறும் மழைத்தண்ணீர் இல்லை. சாக்கடை, டீசல், பூச்சிமருந்து, செத்த மீன் எல்லாம் அதில் உண்டு. ஹெலீன் வெள்ளத்தில் வீட்டுப் பலகைகள், கேஸ் சிலிண்டர்கள், கார்கள் எல்லாம் மிதந்து போயின. சேற்றுக்குள் ஆணியும் கண்ணாடியும் இருக்கும், புல் வெட்டும் இயந்திரத்தின் கத்தியில் பட்டால் தோட்டா மாதிரி பறக்கும். அதனால் காந்தம் கட்டிய வண்டியை ஓட்டி ஆணி பொறுக்குகிறார்கள். ஹூஸ்டனில் 2017 ஹார்வி வெள்ளத்தின்போது நெருப்பெறும்புகள் கூட்டமாக ஒன்றையொன்று பற்றிக்கொண்டு தெப்பம் போல மிதந்து வந்தன. கையுறை, முழங்கால் பூட்ஸ், டெட்டனஸ் ஊசி மூன்றும் இல்லாமல் யாரையும் உள்ளே விடக் கூடாது.

மரங்கள்?

சாய்ந்த மரம் கண்ணுக்குத் தெரியும், வெட்டி எடுத்துவிடலாம். மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டி நடக்கும் ஜார்ஜியாவின் அகஸ்டா நேஷனல் மைதானத்திலும் ஹெலீன் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. ஆனால் அங்கே அடி முக்கியமாகக் காற்றால். பணமும் ஆளும் இருந்ததால் 2025 ஏப்ரலில் மாஸ்டர்ஸ் போட்டி வழக்கமான நேரத்திலேயே நடந்து, ரோரி மெக்கில்ராய் கோப்பையை வாங்கிவிட்டுப் போனார். அதைக் காட்டி "அவர்கள் ஆறு மாதத்தில் திறந்தார்களே" என்று நகராட்சி மைதானத்தைக் கேட்பது நியாயமே இல்லை.

நின்றுகொண்டிருக்கும் மரங்கள்தான் ஏமாற்றும். வேரின் மேல் சேறு ஏறி மூடியிருந்தால், வேர் மூச்சுத்திணறி, மரம் இரண்டு மூன்று வருடம் கழித்துக்கூடச் சாகும்.

சரி, மொத்தத்தில் எத்தனை மாதம் ஆகும்?

ஒரே பதில் கிடையாது. தெரிந்த இடங்களைச் சொல்கிறேன், நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மேற்கு வர்ஜீனியாவின் கிரீன்பிரையர் என்ற சொகுசு விடுதியில் 2016 ஜூன் 23 அன்று வெள்ளம் வந்தது. அது ஹரிகேன் இல்லை, வெறும் கனமழைதான், ஆனால் மாநிலத்தில் 23 பேர் இறந்தார்கள். இரண்டு வாரத்தில் அங்கே நடக்கவிருந்த பிஜிஏ டூர் என்ற தொழில்முறை கோல்ஃப் தொடரின் போட்டி ரத்தானது. அந்த விடுதியின் ஓல்ட் வைட் மைதானத்தைப் புதிதாகக் கட்டுவது போலவே கட்டி, 2017 ஜூலையில் மறுபடி போட்டி நடத்தினார்கள். கையில் பணம் இருந்து, உடனே முடிவெடுக்கும் முதலாளியும் இருந்தால் ஒரு வருடம்.

நியூ ஆர்லியன்ஸ் வேறு மாதிரி. 2005 கத்ரீனா புயலில் மூழ்கிய சிட்டி பார்க்கின் தெற்கு மைதானம் புது வடிவத்தில் திறந்தது 2017-ல். பன்னிரண்டு வருடம். அதே ஊரில் பான்ச்சர்ட்ரெய்ன் பார்க்கில் உள்ள ஜோசப் பார்த்தலோமியூ மைதானம் 2011-ல் திறந்தது. அந்தப் பெயருக்குரிய பார்த்தலோமியூ ஒரு கறுப்பின மைதான வடிவமைப்பாளர். வெள்ளையர் கிளப்புகளுக்கு மைதானம் கட்டிக் கொடுத்தார், கட்டிய மைதானத்தில் ஆட அவரை விடவில்லை.

காலண்டரையும் பார்க்க வேண்டும். ஹரிகேன் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, உச்சம் செப்டம்பர் நடுவில். அருகு வளர வெயில் வேண்டும், அக்டோபருக்கு மேல் அது தூங்கப் போய்விடும். செப்டம்பர் கடைசியில் வெள்ளம் வந்தால், கையில் பணம் கொட்டிக் கிடந்தாலும் அடுத்த மே மாதம் வரை புது அருகை நட்டுப் பயனில்லை. நட்ட பிறகும் ஆடத் தகுந்த அளவுக்குப் படர இரண்டரை மூன்று மாதம். ஆக, செப்டம்பரில் மூழ்கியது அடுத்த ஆகஸ்ட். இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

ஒன்பது ஹோல் மட்டும் திறக்கிறார்களே, அது ஏமாற்று வேலையா?

இல்லை, புத்திசாலித்தனம். ஹோல் என்றால் பந்தை அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து குழி வரை உள்ள ஒரு பகுதி, முழு மைதானத்தில் பதினெட்டு இருக்கும். ஆஷ்வில் நகராட்சி மைதானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டொனால்ட் ராஸ் வடிவமைத்து 1927-ல் திறந்தது. முதல் ஒன்பது ஹோல் ஸ்வனனோவா ஆற்றையொட்டிய சமதளம், பின் ஒன்பது குன்றின் மேல். ஹெலீனின்போது அந்தப் பக்கத்து பிரெஞ்சு பிராட் ஆறு 1916-ன் சாதனையான 23.1 அடியைத் தாண்டி 24.6 அடிக்கு மேல் போனது, ஸ்வனனோவாவும் பழைய அளவுகளையெல்லாம் மிஞ்சியது. ஆற்றோர ஒன்பதும் சிதைந்தது, மேட்டில் இருந்த ஒன்பது பெரிய அளவில் தப்பியது. தப்பியதைத் திறந்து கொஞ்சம் வருமானம் பார்த்தால்தான் ஆட்களை வேலையில் வைத்திருக்க முடியும். அவர்களை அனுப்பிவிட்டால் அந்த மண்ணைத் தெரிந்த ஆளை எங்கே தேடுவது?

செலவை இன்ஷூரன்ஸ் கொடுக்காதா?

கட்டடத்துக்குக் கொடுக்கலாம். சாதாரண சொத்துக் காப்பீட்டில் வெள்ளம் சேராது, கிரீனும் ஃபேர்வேயும் பெரும்பாலும் சேராது. மத்திய அரசின் வெள்ளக் காப்பீடு வணிகக் கட்டடத்துக்கு அதிகபட்சம் 5 லட்சம் டாலர், உள்ளே இருக்கும் பொருளுக்கு இன்னொரு 5 லட்சம், அவ்வளவுதான். புல்லுக்கு ஒரு பைசா கிடையாது.

நகராட்சி மைதானம் என்றால் ஃபீமா என்ற மத்தியப் பேரிடர் அமைப்பிடம், பூங்கா மற்றும் பொழுதுபோக்கு இடங்கள் என்ற பிரிவில் கேட்கலாம், தகுதியான செலவில் குறைந்தது 75 சதவீதம் வரும். ஆனால் அது எழுத்து, ஆய்வு, மதிப்பீடு, மறுமதிப்பீடு என்று நடக்கிற சமாச்சாரம். பெரும்பாலும் முதலில் நகராட்சி தன் கையிலிருந்து செலவு செய்துவிட்டுப் பிறகு வாங்க வேண்டும், லாப நோக்கில் நடக்கும் தனியார் மைதானத்துக்கு இந்த வழியே இல்லை, கடன் கேட்கலாம்.

வீடில்லாமல் மக்கள் இருக்கும்போது பொதுப்பணத்தில் கோல்ஃபா?

நியாயமான கோபம். நானும் முதல் மூன்று மாதம் அப்படித்தான் நினைத்தேன். வீடு, ரோடு, தண்ணீர் முதலில், அதில் பேச்சே இல்லை. ஆனால் நகராட்சி மைதானம் என்பது கோடீஸ்வரர் கிளப் இல்லை. ஓய்வுபெற்ற தபால்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் ஆடுகிற இடம். ஆஷ்வில் மைதானத்தில் அறுபது வருடத்துக்கும் மேலாக ஸ்கைவியூ என்ற போட்டி நடந்துவந்தது, வேறு இடங்களில் கறுப்பின ஆட்டக்காரர்களுக்குக் கதவு மூடியிருந்த காலத்தில் அவர்கள் கூடிய போட்டி அது. அதை வெறும் புல்வெளி என்று தள்ளிவிட முடியவில்லை. அதற்காக, இருந்தபடியே அதே இடத்தில் கட்ட வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன்.

அப்புறம் ஏன் ஆற்றங்கரையிலேயே கட்டித் தொலைக்கிறார்கள்?

வீடு கட்ட முடியாத, மலிவான, சமமான நிலம் அங்கேதான் கிடைக்கிறது. அது ஆறு பெருகும்போது நிற்க வைத்துக்கொண்ட இடம், நாம் நடுவில் போய்க் கொடி நட்டிருக்கிறோம். "நூறாண்டு வெள்ளம்" என்றால் நூறு வருடத்துக்கு ஒரு தடவை என்று அர்த்தமில்லை, ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு வாய்ப்பு. அடுத்தடுத்த வருடமே வரலாம். மண்ணைக் கொட்டி மேடாக்கவும் சட்டப்படி சுலபமில்லை, ஆற்றோட்டப் பகுதியில் அப்படிச் செய்தால் வெள்ள மட்டம் ஏறாது என்று கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். நீங்கள் மேடாக்கினால் தண்ணீர் எதிர்க்கரை வீட்டுக்குள் போகும், இல்லையா?

ஹூஸ்டன் அருகே கிளியர் லேக்கில் இன்னொரு வழியைக் காட்டியிருக்கிறார்கள். மூடப்பட்ட ஒரு கோல்ஃப் மைதானம், சுமார் 200 ஏக்கர், அதை வாங்கித் தோண்டி எக்ஸ்ப்ளோரேஷன் கிரீன் என்று மழைவெள்ளம் தேங்கும் குளங்களும் நடைபாதையுமாக்கினார்கள். முதல் கட்டம் முழுதாக முடியும் முன்னரே ஹார்வி வந்தது, வெட்டிய குளம் தண்ணீரை வாங்கிக்கொண்டது. சென்னைக்காரர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை, உள்ளே கோல்ஃப் மைதானமும் இருந்த இடம், 2024-ல் அரசு திரும்ப எடுத்துக் குளம் வெட்டியது. அந்த வழக்கு விவகாரத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் என்னைக் கேட்டால், ஆற்றோர ஹோல்களில் சிலவற்றை விட்டுக்கொடுத்து, அங்கே தண்ணீர் நிற்க இடம் பண்ணிவிட்டு, மீதியைப் பன்னிரண்டு ஹோலாகத் திறந்தாலும் நான் காசு கொடுத்து ஆடுவேன்.

கட்டிய மெம்பர்ஷிப் பணம்?

ஒப்பந்தத்தைப் படியுங்கள். பல இடங்களில் திருப்பித் தர மாட்டார்கள், மூடியிருந்த மாதங்களைப் பின்னால் சேர்த்துத் தருவார்கள்.

உதவிக்குப் போகலாமா?

கூப்பிட்டால் போங்கள். சொந்தமாக ரம்பத்தை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். சாய்ந்த மரம் வில் மாதிரி வளைந்து இறுகி நிற்கும், தெரியாமல் வெட்டினால் அடித்துத் தூக்கும்.

திறந்த முதல் வாரம் ஆடப்போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

கோல்ஃப் வண்டியைப் பாதையிலேயே ஓட்டச் சொன்னால் பாதையிலேயே ஓட்டுங்கள், வயதானவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் சலுகை கிடைக்கலாம். தற்காலிக கிரீன் இருந்தால் அதில் பெருமை பார்க்காதீர்கள், எல்லாருக்கும் அதே குழிதான். பந்து தேங்கிய தண்ணீரிலோ, பழுதுபார்ப்பு என்று கோடு போட்ட இடத்திலோ விழுந்தால் கோல்ஃப் விதி 16.1-படி தண்டனை இல்லாமல் எடுத்து வேறு இடத்தில் போடலாம். ஆனால் ஃபேர்வேயில் பந்தில் சேறு ஒட்டியிருந்தால், அன்றைக்கு உள்ளூர் விதி போட்டிருந்தால் ஒழிய, எடுத்துத் துடைக்க முடியாது. கிளம்பும் முன் கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, பந்து தேடி ஆற்றோரப் புதருக்குள் கையை விடாதீர்கள். அங்கே இன்னும் யாரும் காந்த வண்டி ஓட்டியிருக்க மாட்டார்கள்.